செலினா சித்தி திருத்தாமல் விட்ட சொல்

என் அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். மூத்தவர் ஏப்ரகாம் மாமா கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு அடுத்த இரண்டு பேரும் பிராட்ஃபோர்டில் வாழ்க்கைப்பட்டார்கள். மற்றவர்களை இங்கே இழுக்க வேண்டாம். கடைக்குட்டி செலினா. எனக்கும் அவளுக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம், ஒரே பாவாடையை ஆள் மாற்றிக் கட்டியவர்கள் நாங்கள். ஆனாலும் சித்தி சித்திதான். அவளைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சொல்லாமல் போய்ச் சேர்ந்தால் அதைவிடக் கூசும்போல் இருக்கிறது.

சித்தி வாழ்க்கைப்பட்டது வில்ஃப் பாராக்ளஃபுக்கு. வில்ஃபைப் பெற்றவள் பிரசவத்தோடு போய்விட்டாள். தூக்கி வளர்த்தது அவனுடைய அக்கா தெர்ஸா. அவனைவிடப் பதினேழு வயது மூத்தவள். தம்பிக்கு மீசை அரும்பிய பிறகுதான் தான் கல்யாணம் செய்துகொண்டாள், அதுவும் ஒரு வண்டிக்காரனை. ஹோல்ராய்ட் என்று பெயர். நல்ல மனிதன். அவனுடைய குதிரையே அவனை உதைத்துக் கொன்றது. நாற்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் இல்லாமல், கையில் துக்கத்துக்குக் கட்டிய ஒரு கறுப்புத் துணியோடு நின்றாள் தெர்ஸா.

மில் வாசலை அதுவரை மிதித்தவள் இல்லை அவள். சித்தியோ பதின்மூன்று வயதிலிருந்து கீழ் மில்லில் கம்பளி சீவும் எந்திரத்தில் நிற்கிறவள். மேஸ்திரியிடம் கெஞ்சி நாத்தனாரைத் தன் பக்கத்து எந்திரத்துக்குச் சேர்த்துக்கொண்டவளும் சித்திதான். நாத்தனார் வயதில் மூத்தவள், வேலையில் இளையவள். இருபத்தைந்து வயதுக்காரி சொல்லிக் கொடுக்க, நாற்பத்திரண்டு வயதுக்காரி கற்றுக்கொண்டாள். இதை இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாக் கேடும் இதில்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் யார்க்‌ஷயர் பக்கத்தில் கற்பதற்கும் கற்றுக் கொடுப்பதற்கும் ஒரே சொல்தான். லேர்ன். 'அம்மா என்னை ரொட்டி சுட லேர்ன் பண்ணினாள்' என்போம். 'நான் ரொட்டி சுட லேர்ன் பண்ணினேன்' என்றும் சொல்வோம். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதெல்லாம் எங்களுக்குத் தானாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா விரல் முட்டியில் அடிப்பாள். கற்றுக் கொடுப்பதற்கு 'டீச்' என்று சொல்ல வேண்டும், 'லேர்ன்' என்று சொல்கிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்பாள். அந்த 'டீச்'சைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். வீட்டில் அப்படிப் பேசினால் பெரிய மனுஷி ஆகிவிட்டாளா என்று அப்பா கேட்பார்.

சீவும் எந்திரம் என்றால் ஆளுயர உருளைகள். உருளை முழுக்கக் கம்பி முள். ஒன்றோடு ஒன்று உரசாத குறையாகச் சுற்றும். ஓரத்தில் கழிவுக் கம்பளி திரண்டு உட்காரும். அதை எடுக்க வேண்டுமானால் எந்திரத்தை ஓட்டும் வாரை விலக்கி, உருளைகள் அடங்கும்வரை காத்திருந்து, பிரஷால் எடுக்க வேண்டும். சுவரில் எழுதியே தொங்கியது: எந்திரம் ஓடும்போது கை வைக்காதே. ஆனால் எந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்கும் மேஸ்திரி, ஓடும்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டதே இல்லை. அதனால் எல்லோரும் ஓட்டத்திலேயே எடுத்தோம். நானும் எடுத்தேன்.

சித்தி தெர்ஸாவுக்கு அதைக் காட்டிக் கொடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது எந்திரத்தில் நான் நின்றிருந்தேன். இரைச்சலில் பேச்சு கேட்காது. ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துத்தான் பேசுவோம்.

"இடது கையால இந்தக் கம்பியப் பிடிச்சுக்கோ அக்கா. வலது கையில ஒரே விரல். உருளை வர்ற பக்கம் போகாத, விலகிப் போற பக்கமா விடு. அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரரும் குதிரைக்குப் பின்னால நிக்காத நிக்காதன்னு ஊருக்கே சொல்லுவாரு," என்றாள் தெர்ஸா. "கடைசியில நின்னது அவருதான்."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் தெர்ஸா ஒரே விரலால் அழகாக எடுத்தாள்.

இரண்டு வருடம் அப்படியே எடுத்தாள். ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை, டீக்குச் சங்கு ஊதக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அவள் சட்டைக் கையின் நூல் உருளையில் மாட்டியது. முதலில் ஓடி வாரைத் தள்ளியவள் சித்தி. தன் ஏப்ரனைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வண்டியில் போனவளும் சித்திதான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

மில்லில் ஒரு முறை உண்டு. வேலையைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்து, அதனால் ஒருத்திக்கு அடிபட்டால், அடிபட்டவளைக் கிடங்கில் உட்கார்த்தி வைப்பார்கள். மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற வேலை, ஒரு கை போதும், சாகிறவரை இருக்கலாம். தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடிபட்டவள் தானாகவே விதியை மீறினாள் என்றால் அவளுக்கு ஒன்றும் கிடையாது. ஆக, இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் மில்லில் இடம். அந்த நேரம் வில்ஃப் சித்தப்பா வேலை செய்த சாயப்பட்டறை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுடைய மகள் வின்னிக்கு மூன்று வயது. சித்தியின் கையை நம்பித்தான் மூன்று வயிறு.

மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ்காரர் வந்தார். பென்ஃபோல்ட் என்று பெயர், தெற்கத்தி ஆள், லண்டன் பக்கம். மென்மையான குரல், மரியாதையான மனிதர். மேனேஜர் அறையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார். என்னிடம் நான் எங்கே நின்றேன் என்று மட்டும் கேட்டார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்தது சித்தி. கதவு சரியாகச் சாத்தவில்லை.

எந்திரம் ஓடும்போது கை வைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். சித்தி சொன்னாள். பொய் சொல்லவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"அது நான் தெர்ஸாவ லேர்ன் பண்ணது சார்."

பேனா ஓடியது. பிறகு நின்றது. அவர் தெர்ஸாவின் வயதைக் கேட்டார். நாற்பத்து நாலு என்றாள் சித்தி. உங்கள் வயது? இருபத்தேழு. ஓ, என்றார் அவர், புரிந்துவிட்ட மாதிரி. பேனா மறுபடியும் ஓடியது. எழுதி முடித்து, வாசித்துக் காட்டினார். நல்ல தெளிவான குரலில், அவசரப்படாமல் வாசித்தார்.

"'எந்திரம் ஓடும்போதே சுத்தம் செய்யும் முறையை நான் திருமதி ஹோல்ராய்டிடமிருந்து கற்றுக்கொண்டேன்.' சரியாக இருக்கிறதா, மிஸஸ் பாராக்ளஃப்?"

பெரியவள் சின்னவளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். உலகம் அப்படித்தான் என்று நினைத்திருப்பார் அந்த மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசித்துக் காட்டினாரே.

நான் பெஞ்சில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். இல்லை சார், மாற்றி எழுதிவிட்டீர்கள் சார் என்று இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் சித்தி.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நான் அங்கே இருப்பேன் என்று அவள் நினைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஷாலை இழுத்துப் போர்த்தினாள். "அவரு எழுதிட்டாரு ஐடா," என்றாள். "எழுதினது எழுதினதுதான்." நானும் ஆமாம் என்று சொல்லி எந்திரத்துக்குப் போனேன். நான் மட்டும் பெரிய யோக்கியமா?

தெர்ஸாவுக்குக் கடிதம் வந்தது. தானே விதியை மீறியதோடு, மற்றவர்களுக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்ததால் மில்லில் இடம் இல்லை என்று. கட்டுப் போட்ட கையோடு, கடிதத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, சித்தி வீட்டு அடுக்களைக்கு வந்தாள். நான் அன்று வின்னியின் கவுனுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் யாருக்குடி சொல்லிக் குடுத்தேன்? எனக்கே நீ சொல்லிக் குடுத்தது. அந்த ஆளுகிட்ட என்னதான் சொன்ன?"

"உன்ன நான் லேர்ன் பண்ணேன்னுதான் சொன்னேன் அக்கா."

தெர்ஸா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"தெற்கத்திப் பய. அவனுக்குக் காது தலைகீழா வச்சிருக்குடி. நீ சொன்னத அவன் அந்தப் பக்கமா கேட்டிருக்கான்."

சித்தி அழுதாள். அவளைத் தேற்றியது தெர்ஸா. போடி, நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய் என்று இடது கையால் தலையைத் தடவிக் கொடுத்தாள். இரண்டு பேருமாக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றாள். சித்தி அவசரமாக வேண்டாம் என்று தலையாட்டினாள். இப்போது கிளறினால் தன் வேலை போகும், வில்ஃபும் சும்மா இருக்கிறார், கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். தெர்ஸா கொஞ்ச நேரம் தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை மடித்தாள்.

"சரி, வில்ஃபுக்காக விட்டுடறேன். தூக்கி வளத்தவ நான்தானே."

நான் தைத்துக்கொண்டே இருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

நான்கு வருடம் போயிற்று. தெர்ஸா இடது கையால் அடுத்தவர்கள் வாசற்படியைத் தேய்த்தாள். ஓட்ஸ் ரொட்டி சுட்டுக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றாள். குளிர்காலத்தில் விரல் இல்லாத இடத்தில் விரல் வலிக்கும் என்பாள். ஞாயிறு தவறாமல் சித்தி வீட்டில் டீ. சித்தி அவளுக்குக் கேக்கில் பெரிய துண்டை வைப்பாள், ரொட்டியில் இறைச்சி வறுத்த கொழுப்பைத் தாராளமாகத் தடவுவாள். ஆனால் அவள் கையை மட்டும் பார்க்க மாட்டாள். கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள், கையில் கொடுக்க மாட்டாள்.

தெர்ஸாவுக்கு அந்தத் தலைகீழ்க் காதுக்காரன் கதை பிடித்துப் போய்விட்டது. கல்யாண வீட்டில் சொல்வாள், சாவு வீட்டில் சொல்வாள். தெற்கத்தி ஆள்போல மூக்கால் பேசிக் காட்டுவாள். 'ஓ, நாற்பத்து நாலா?' என்று புருவத்தைத் தூக்குவாள். சொந்தபந்தம் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஏப்ரகாம் மாமாவின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து ஒருமுறை புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அந்த நேரமெல்லாம் சித்தி டீ ஊற்றிக்கொண்டிருப்பாள்.

முப்பத்தெட்டாம் வருடம் பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை மத்தியானம். அரை நாள் மில் முடிந்துவிட்டது. எங்கள் சபையின் பள்ளி அறையில் லீட்ஸிலிருந்து வாடிலவ் என்று ஒருவர் வந்து சொற்களைப் பற்றிப் பேசுவார் என்று பாதிரியார் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். வெளியே நல்ல மழை. மழைக்கு ஒதுங்க இடமும் டீயும் இருக்கிறது, வாங்கடி என்று எங்களை இழுத்துப் போனது தெர்ஸா. மூவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம், நான் நடுவில்.

அந்த மனிதருக்குத் தலையில் முடி இல்லை, பேச்சில் கர்வமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உங்களை எந்தச் சொல்லுக்கு அடித்தார்கள் என்று கேட்டுத்தான் ஆரம்பித்தார். பாதிப் பேர் 'லேர்ன்' என்றார்கள். அவர் சிரித்தார். அடித்த டீச்சருக்கு அந்தச் சொல்லின் வயது தெரியாது என்றார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் கற்பதற்கு ஒரு சொல்லும், கற்பிப்பதற்கு ஒரு சொல்லும் இருந்தனவாம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், முகமும் ஒன்றுபோல். வழித்தடம் என்ற பழைய சொல்லின் வம்சம். முன்னால் போனவரின் தடத்தைப் பார்த்துப் பின்னால் போவதுதான் கற்பது. பின்னால் வருகிறவரைத் தடத்தில் நடத்திப் போவது கற்பிப்பது. காலப்போக்கில் இரண்டு சொல்லும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. தாத்தா காலத்து ஜெபங்களிலும் கடவுளைப் பார்த்து 'என்னை லேர்ன் பண்ணும்' என்றுதான் கேட்டார்களாம். பிறகு புத்தகக்காரர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தெருவில் விட்டார்கள். தெருவில் விட்டதை நீங்கள் எடுத்து வளர்த்தீர்கள் என்றார். எங்களுக்கெல்லாம் முதுகு நிமிர்ந்தது.

அப்புறம் 'டீச்'சுக்கு வந்தார். அது வேறு குடும்பம். முதலில் அதற்குச் சொல்லிக் கொடுப்பது என்று பொருளே இல்லை, காட்டுவது என்றுதான் பொருள் என்றார். நீங்கள் மில் வாசலில் கொடுக்கிற பித்தளை டோக்கன் இருக்கிறதே, அந்தச் சொல்லும் இதற்கு உறவுமுறை, அடையாளம் காட்டுவது. சொல்லுக்கும் சித்தி பெரியம்மா உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் தன் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். முதன்முதலில் பாடம் நடத்தியது வாய் இல்லை, இதுதான் என்றார்.

தெர்ஸா எழுந்தாள். தன் வலது கையை அவரைப்போலவே உயர்த்திக் காட்டினாள்.

"அப்ப நான் யாருக்கும் டீச் பண்ண முடியாதுங்க. அந்த விரல மில்லுல வச்சுட்டு வந்துட்டேன்."

அறையே சிரித்தது. அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்கப் போனார். தெர்ஸா விடவில்லை. உங்கள் பேச்சுக்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது என்று தலைகீழ்க் காதுக்காரனை முழுவதும் சொன்னாள், மூக்கால் பேசியும் காட்டினாள். அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று பென்சிலை எடுத்தார். எழுதிக்கொண்டே, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், கேட்டார்.

"ஆனா கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டியிருக்கணுமே. காட்டலையா?"

தெர்ஸா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என்மேல் சாய்ந்து சித்தியைப் பார்த்தாள். "சொல்லு செலினா. வாசிச்சானா?"

எல்லாத் தலைகளும் எங்கள் வரிசைக்குத் திரும்பின. சித்தியின் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது.

"ஞாபகம் இல்ல," என்றாள் சித்தி.

ஒரு நொடிதான். வாடிலவ் தலையசைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். தெர்ஸா உட்கார்ந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதற்கும் அவள் சிரிக்கவில்லை. தெர்ஸா முட்டாள் இல்லை. சித்திக்கு எதுவும் மறக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வில்ஃப் அவளிடம் முதல் வார்த்தை பேசிய கிழமையைக்கூடச் சொல்வாள்.

டீக்கு நிற்காமல் வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. தெர்ஸா முன்னால் நடந்தாள், மரச்செருப்பு கல்லில் டக் டக்கென்று. இறைச்சிக் கடை முனையில் சித்தி ஓடிப்போய் அவள் சட்டையைப் பிடித்தாள். நான் நாலடி பின்னால் நின்றேன். போகவும் முடியவில்லை, கிட்டே வரவும் முடியவில்லை.

"வாசிச்சாரு அக்கா."

"முழுசாவா?"

"முழுசா. ஒவ்வொரு வார்த்தையா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. உன் பேரு வந்தது, உன்கிட்டயிருந்து கத்துக்கிட்டேன்னு வந்தது. சரியான்னு கேட்டாரு. நான் கையெழுத்துப் போட்டேன்."

தெர்ஸா அவள் கையை மெதுவாகத் தன் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நாலு வருஷமா நான் அந்தக் கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். நீ எனக்கு டீ ஊத்தின."

சத்தம் போடவில்லை. திட்டவில்லை. என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கும் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு போய்விட்டாள்.

அன்று மாலையே சித்தி வில்ஃப் சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்னால் சித்தி மேனேஜர் அறை வாசலில் நின்றாள். நாலு வருடத்துக் காகிதத்தை யார் தேடுவது, போய் எந்திரத்தைப் பார் என்றார் அவர். சித்தி நகரவில்லை. கடைசியில் அவர் எரிச்சலோடு ஒரு தாளை எடுத்தார். சித்தி இந்த முறை எங்கள் சொல்லைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டியில் அடித்துப் பழக்கிய சொல்லைச் சொன்னாள். நான்தான் தெர்ஸாவுக்கு டீச் பண்ணினேன், வாசித்துக் காட்டியபோது தப்பு என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுதினார். அரை மணியில் அவள் டோக்கனை வாசலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தெர்ஸாவுக்குக் கிடங்கில் இடம் கொடுத்தார்கள். ஊர் பேசும் என்ற பயத்தில் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அவள் மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. போய் உட்கார்ந்து சீட்டுக் கட்டினாள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் சித்திக்குப் பெரிய தண்டனை. பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், தன் பிழைப்பை விட்டு உண்மையைச் சொன்ன ஒரு சகோதரி நம் நடுவில் இருக்கிறாள் என்று மெச்சினார். எல்லோருக்கும் யார் என்று தெரியும். வயதான பெண்கள் வெளியே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சித்தி தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒருத்தி போன பிறகு என்னிடம் சொன்னாள்: "கேட்டு மாட்டிக்கிட்டதாலதானே சொன்னேன் ஐடா. அந்த லீட்ஸ்காரரு அந்தக் கேள்வியக் கேக்கலன்னா இன்னைக்கும் டீதான் ஊத்திக்கிட்டிருப்பேன்." அடுத்த வாரத்திலிருந்து சபையில் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள், பாட்டு முடிவதற்குள் கிளம்பிவிடுவாள்.

யுத்தம் வந்தது. மில்லில் ஆள் இல்லை. தெற்கேயிருந்து குண்டுக்குப் பயந்து வந்த பெண்களை எந்திரத்தில் நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வா என்று மேஸ்திரியே சித்தி வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். தரை கூட்டக் கூப்பிட்டால் வருகிறேன் என்றாள். கூட்டத்தான் போனாள். ஆறு வருடம் கூட்டினாள். புதுப் பெண்ணொருத்தி, இதை எப்படி எடுப்பது அம்மா என்று கழிவைக் காட்டிக் கேட்டால், வாரைத் தள்ளி எந்திரத்தை நிறுத்திவிட்டு, பேசாமல் போய்விடுவாள். மேஸ்திரி கத்துவார். கத்தட்டும்.

வீட்டிலும் அப்படியே ஆனாள். வின்னி எதைக் கேட்டாலும், யாரையாவது கேளு, எனக்குச் சரியாகச் சொல்ல வராது என்பாள். என்னிடம்கூடக் கேக்குக்கு எவ்வளவு இஞ்சி என்று சொல்ல மாட்டாள். அவள் அடுப்பில் நிற்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தெர்ஸா அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் தம்பியை விடவில்லை, தம்பி பிள்ளையையும் விடவில்லை. ஞாயிறு மத்தியானம் வில்ஃப் சித்தப்பா வின்னியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். அவருக்கு நெஞ்சு மோசமான பிறகு வின்னி தனியாகவே போனாள். அங்கே தெர்ஸா அவளுக்குச் சாக்ஸ் பின்னக் கற்றுக் கொடுத்தாள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஊசியைச் செருகிக்கொண்டு, சாக்ஸின் குதிகால் வளைவில் பின்னலைத் திருப்புவதை.

ஒரு ஞாயிறு நான் சித்தியோடு நடந்தேன். ஐந்து மணி. வின்னியைக் கூட்டிவர அவள் எப்போதும் தெர்ஸாவின் தெரு முனைவரை போவாள், விளக்குக் கம்பத்தைத் தாண்ட மாட்டாள். ஏழாவது வீட்டுக் கதவு திறந்தது. வின்னி கம்பளி உருண்டையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே தெர்ஸா. பிள்ளைக்குத் தொப்பியைச் சரி செய்துவிட்டு, நிமிர்ந்து முனையைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிள்ளையைக் கூட்டிப் போக ஆள் வந்துவிட்டதா என்று பார்க்கிற பார்வை, அவ்வளவுதான்.

சித்தியின் கை பாதிவரை உயர்ந்தது. பிறகு ஷாலைச் சரி செய்வதுபோல் கீழே வந்தது. தெர்ஸா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.